பழைய சிந்தசைசர் பேச மறுக்கிறதா? பவர் சப்ளையிலிருந்து தொடங்குங்கள்

மாமாவின் சிந்தசைசர், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கீபோர்டு, 12 வருடம் அலமாரிக்கு மேலே பிளாஸ்டிக் உறைக்குள் கிடந்தது. எண்பதுகளின் நடுவில் ஜப்பானில் செய்த பெட்டி, ஒரு காலத்தில் இங்கே சமூக மன்ற மேடைகளிலும் கல்யாண வீடுகளிலும் ஓயாமல் வாசித்தது. போன தீபாவளிக்கு முன்னால் அதை இறக்கித் துடைத்து நேராகப் பிளக்கில் மாட்டிவிட்டோம். விளக்கு எரிந்தது, ஸ்பீக்கரில் 'ம்ம்ம்' என்று ஓர் இரைச்சல் வந்தது, எந்தக் கட்டையை அழுத்தினாலும் அதைத் தவிர வேறு சத்தம் இல்லை, பத்து நிமிடத்தில் மீன் நாற்றம் மாதிரி ஏதோ அடித்து விளக்கும் அணைந்துவிட்டது. "அதோட ஆயுசு அவ்வளவுதான் மாப்ள, விட்டுடு" என்றார் மாமா.

ஆயுசு முடியவில்லை. போனது பவர் சப்ளையில், அதாவது சுவர் மின்சாரத்தைப் பெட்டிக்கு வேண்டிய வோல்டேஜாக மாற்றும் பகுதியில், ஒரு கெப்பாசிட்டரும் (மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாகம்) ஒரு ஃபியூஸும்தான். இந்த வயதுப் பெட்டிகளில் முதலில் சந்தேகப்பட வேண்டிய இடம் இதுதான், புதிதாகக் கற்றுக்கொள்பவர் பொறுமையாகச் செய்தால் சரிசெய்யக்கூடிய இடமும் இதுதான். மல்டிமீட்டர் பிடிக்கவும் ஈயம் வைக்கவும் ஓரளவு தெரிந்திருந்தால் போதும். இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்: சப்ளையைத் தனியாகப் பிரித்து, அது தனியாகச் சரியான வோல்டேஜ் தருகிறது என்று மீட்டரில் பார்த்த பிறகே மற்ற போர்டுகளோடு சேருங்கள். அவசரப்பட்டுச் சேர்த்தால், சில வெள்ளியில் முடிகிற வேலை இன்று கிடைக்கவே கிடைக்காத சிப்புகளைக் கொன்றுவிடும்.

முதலில் உயிர்ப் பாதுகாப்பு

நம் வீட்டுச் சுவரில் வருவது 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ். வீட்டில் ஆர்சிசிபி இருக்கிறதே என்று தைரியமாக இருக்காதீர்கள். மின்சாரம் உங்கள் உடல் வழியாகப் பூமிக்குக் கசிந்தால் அது வெட்டும், ஒரு கை லைவிலும் இன்னொரு கை நியூட்ரலிலும் பட்டால் அதற்கு ஒன்றும் தெரியாது. பெட்டியைத் திறக்கும் முன் பிளக்கைச் சுவரிலிருந்து உருவி, உங்கள் கண்ணெதிரே மேசை மேல் வையுங்கள். பெட்டியின் பவர் சுவிட்சை அணைத்தால் போதாது, அந்தச் சுவிட்ச் வரைக்கும் 230 வோல்ட் வந்து நிற்கும்.

அடுத்தது, உங்கள் பெட்டியில் எந்த வகை சப்ளை இருக்கிறது என்று பாருங்கள். 1983-இல் வந்த யமஹா டிஎக்ஸ்7, 1984-இல் வந்த ரோலண்ட் ஜூனோ-106 மாதிரியான பெட்டிகளில் கனமான இரும்பு டிரான்ஸ்ஃபார்மர், அதன் பின் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டயோடுகள், பெரிய கெப்பாசிட்டர்கள், வோல்டேஜை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர்கள் என்று வரிசையாக இருக்கும். இதை லீனியர் சப்ளை என்பார்கள், நான் இங்கே சொல்வதெல்லாம் இதற்குத்தான். பின்னால் வந்த பல கருவிகளில் ஸ்விட்சிங் சப்ளை இருக்கிறது: டிரான்ஸ்ஃபார்மர் சிறியதாக, மஞ்சள் டேப் சுற்றியதாக இருக்கும், அதன் பக்கத்தில் 400 வோல்ட் என்று எழுதிய ஒரு கெப்பாசிட்டர் நிற்கும். அந்தக் கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி தேங்கியிருக்கலாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் தேங்கியிருக்கலாம். அது ஆளைக் கொல்லும். முதல் ரிப்பேருக்கு அது வேண்டாம், அனுபவம் உள்ளவரிடம் கொடுத்துவிடுங்கள்.

திறப்பதற்கு முன்னால்

பின்பக்க லேபிளைப் படியுங்கள். சிங்கப்பூரில் கைமாறி வரும் பழைய கருவிகளில் பல ஜப்பானிலிருந்து நேராக வந்தவை, அங்கே 100 வோல்ட். இரண்டு தட்டை முனை உள்ள பிளக்கில் நம் மூன்று முனை அடாப்டரை மாட்டினால் பிளக்கின் வடிவம்தான் மாறும், வோல்டேஜ் மாறாது. 100 வோல்ட் பெட்டிக்கு 230 கொடுத்தால் டிரான்ஸ்ஃபார்மர் உறுமிச் சூடாகும், ஃபியூஸ் போகும். அதிர்ஷ்டம் இருந்தால் சேதம் அங்கேயே நிற்கும். லேபிளில் 100 என்று இருந்தால் 230-ஐ 100 ஆக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கிக்கொள்ளுங்கள். 110 வோல்ட் தருவதும் கடையில் இருக்கும், ஒப்பேற்றலாம், ஆனால் பத்து சதவீதம் கூடுதலாகக் கொடுக்கிறீர்கள், ரெகுலேட்டர்கள் அந்தக் கூடுதலை முழுக்கச் சூடாக்கித்தான் தீர்க்கும். ஏற்கெனவே 30 டிகிரி இருக்கும் நம் அறையில் அது தேவையில்லாத சுமை.

மூன்று முனை பிளக்கின் உள்ளே இருக்கும் ஃபியூஸையும் பாருங்கள். 13 ஆம்பியர் போட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட பெட்டிக்கு 3 ஆம்பியர் தாராளம்.

பெட்டிக்கு இன்னும் உயிர் இருந்து இரைச்சல் மட்டும் வருகிறது என்றால், ஸ்பீக்கர் வயரைக் கழற்றிவிட்டு ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஹெட்ஃபோனில் இரைச்சல் இல்லையென்றால் கோளாறு பெட்டிக்கு வெளியே, பெரும்பாலும் எர்த் வயரிங்கில். இருந்தால் அதன் சுருதியைப் பிடியுங்கள். இசை தெரிந்தவர்களுக்கு இங்கே ஒரு வசதி இருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் டயோடுகளைத் தாண்டியதும் 100 ஹெர்ட்ஸ் அலையாகிவிடும், அதைச் சமப்படுத்துவதுதான் பெரிய கெப்பாசிட்டரின் வேலை. கெப்பாசிட்டர் காய்ந்துபோனால் அந்த 100 ஹெர்ட்ஸ் அப்படியே காதில் விழும். 98 ஹெர்ட்ஸ் என்பது ஐந்து கட்டைச் சுருதி (மேற்கத்திய முறையில் G), கீழ் ஸ்தாயி. 100 ஹெர்ட்ஸ் அதற்குக் கொஞ்சம் மேல், அரைச் சுரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. எங்கள் பெட்டி அணைவதற்கு முன்பே மாமா ஹெட்ஃபோனைக் காதில் வைத்துக் கேட்டுவிட்டு "அஞ்சு கட்டை, கொஞ்சம் ஏறி நிக்குது" என்றார், நான் மீட்டரைத் தொடும் முன்பே கெப்பாசிட்டர் என்று தெரிந்துவிட்டது. அதே சுரம் இன்னும் ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் அது 50 ஹெர்ட்ஸ்: டயோடுகளில் ஒன்று அறுந்திருக்கலாம்.

மற்ற அறிகுறிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒன்றுமே எரியவில்லை என்றால் ஃபியூஸ், சுவிட்ச், டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று (சுவர் மின்சாரம் நுழையும் கம்பிச் சுருள்). டிஸ்பிளே நன்றாக இருந்து சத்தம் இல்லையென்றால் ப்ளஸ் 15, மைனஸ் 15 வோல்ட் மாதிரியான ஒலிப்பகுதி சப்ளை. டிஸ்பிளே கிறுக்குத்தனமாக ஓடினால் 5 வோல்ட். புது ஃபியூஸ் போட்டவுடன் வெடித்தால் எங்கேயோ ஷார்ட், இன்னொரு ஃபியூஸ் போட்டுப் பார்ப்பதில் பயன் இல்லை. பெரிய ஃபியூஸ் போடுவதும், அலுமினியத் தாளைச் சுற்றுவதும் செய்யவே கூடாத காரியம், வீடு பற்றிக்கொள்ளும்.

திறந்த பிறகு

சர்வீஸ் மேனுவலைத் தேடி எடுங்கள். பிரபலமான பழைய மாடல்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும், சர்க்யூட் படமும் எந்த முனையில் எத்தனை வோல்ட் என்பதும் அதில் இருக்கும். திறந்ததும் கைப்பேசியில் படம் எடுங்கள், ஒவ்வொரு கனெக்டரையும் கழற்றும் முன்னும் பின்னும், கிட்டப் போய் ஒன்று, தள்ளி நின்று ஒன்று. திருகுகளை ஐஸ் ட்ரேயில் கழற்றிய வரிசையில் போட்டு வையுங்கள். நீளத் திருகைக் குட்டைத் திருகின் ஓட்டையில் முறுக்கினால் அடியில் இருக்கும் போர்டைக் குத்தும்.

பெரிய கெப்பாசிட்டர்களில் மிச்சம் இருக்கும் சார்ஜை இறக்குங்கள். 1000 ஓம், 2 வாட் ரெசிஸ்டரின் இரு முனையையும் கெப்பாசிட்டரின் இரு காலில் அரை நிமிடம் பிடித்தால் போதும். ரெசிஸ்டரை உறை போட்ட பிளையரால் பிடியுங்கள். ஸ்க்ரூடிரைவரை வைத்துப் பொறி பறக்கவிடும் பழக்கம் சிலருக்கு உண்டு, அது போர்டின் செம்புக் கோட்டையும் கெப்பாசிட்டரையும் சேர்த்துக் கெடுக்கும்.

இப்போது வெறும் கண்ணால் பாருங்கள், முகர்ந்தும் பாருங்கள். மாமா பெட்டியில் மைனஸ் 15 பக்கத்துக் கெப்பாசிட்டரின் தலை லேசாக உப்பியிருந்தது, பார்வைக்குத் தெரியாது, விரலை வைத்துத் தடவினால் பக்கத்தில் இருப்பதோடு ஒப்பிடும்போது தெரிந்தது. அடியில் பழுப்பாக ஏதோ பிசுபிசுப்பு, அந்த மீன் நாற்றம் அங்கிருந்துதான். வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் உள்ளே இருக்கும் ஆக்சைடு படலம் மெலிந்துபோகும், திடீரென்று முழு வோல்டேஜ் கொடுத்தால் கசிவு மின்னோட்டத்தில் கெப்பாசிட்டர் சூடேறி விட்டுக்கொடுத்துவிடும். அந்தப் பத்து நிமிடத்தில் நடந்தது இதுதான். ஆனால் ஒன்று: எல்லாப் பிசுபிசுப்பும் கசிவு இல்லை. பழைய ஜப்பானியப் போர்டுகளில் பெரிய பாகங்கள் ஆடாமல் இருக்க ஒரு பசை தடவியிருப்பார்கள். அது வயதாகிக் கரும்பழுப்பாக மாறியிருந்தால் மின்சாரத்தைக் கடத்தவும் கால்களை அரிக்கவும் தொடங்கியிருக்கும், ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில் ஊறவைத்து மரக்குச்சியால் சுரண்டி எடுத்துவிடுங்கள்.

மீட்டர் போகும் வழி

கரண்ட் போகும் வழியிலேயே மீட்டரும் போகட்டும். முதலில் பிளக் சுவரில் இல்லாதபோது. பெட்டியின் சுவிட்சை ஆன் செய்து, பிளக்கின் லைவ், நியூட்ரல் முனைகளுக்கு நடுவே ஓம் அளவெடுங்கள். சில பத்து ஓம் காட்டினால் ஃபியூஸும் சுவிட்சும் முதல் சுற்றும் நலம். ஒன்றுமே காட்டவில்லை என்றால் ஃபியூஸைத் தனியாக, சுவிட்சைத் தனியாகப் பாருங்கள். இரண்டும் நன்றாக இருந்தால் டிரான்ஸ்ஃபார்மரின் முதல் சுற்று அறுந்திருக்கிறது. பல டிரான்ஸ்ஃபார்மர்களில் சுற்றுக்குள்ளேயே ஒரு வெப்ப ஃபியூஸ் ஒளிந்திருக்கும், 230-இல் மாட்டிய 100 வோல்ட் பெட்டிகளில் அது போயிருப்பது சகஜம். அதைப் பிரித்து மாற்ற முடிந்தவர்கள் உண்டு, புதியவர் வேறு டிரான்ஸ்ஃபார்மர் தேடுவதே நல்லது.

அப்புறம் டயோடுகள். மீட்டரை டயோடு குறியில் வைத்து, ஒரு பக்கம் 0.5-இலிருந்து 0.7 வரை, மறுபக்கம் ஒன்றும் இல்லை என்றால் சரி. இரு பக்கமும் பூஜ்யத்தை ஒட்டி வந்தால் அந்த டயோடு ஷார்ட், அல்லது அதோடு இணைந்த கெப்பாசிட்டர் ஷார்ட். ஒரு காலைக் கழற்றி மறுபடி பார்த்தால் எது என்று தெரிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் கரண்ட். சப்ளையிலிருந்து மற்ற போர்டுகளுக்குப் போகும் கனெக்டர்கள் எல்லாவற்றையும் கழற்றுங்கள். எல்லாவற்றையும். முதல் முறை சுவரில் நேராக மாட்டாமல், லைவ் வயரில் வரிசையாக ஒரு 60 வாட் இழை பல்பை வைத்து அதன் வழியாகக் கொடுப்பது வழக்கம். எல்இடி பல்பு உதவாது, இழை எரியும் பல்பாக இருக்க வேண்டும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரிந்து நிற்கும், அதற்கு மேல் கரண்ட்டை விடாது. ஒரு கணம் மின்னி மங்கினால் நல்ல சேதி. இந்தப் பல்புப் பெட்டியை ஒழுங்காக உறை போட்டு, எர்த் சேர்த்துக் கட்டத் தெரிந்தவர் கட்டித் தரட்டும். வெறும் வயரை முறுக்கி டேப் ஒட்டிச் செய்யாதீர்கள்.

கரண்ட் ஓடும்போது அளவெடுக்க ஒரு கையைப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். கறுப்பு முனையைக் கிளிப்பால் பூஜ்ய வோல்ட் புள்ளியில் மாட்டிவிட்டால் சிவப்பு முனைக்கு ஒரு கை போதும். முதலில் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டாம் சுற்றில் ஏசி. 18 வோல்ட் ஏசி இருந்தால் அதை 1.4 ஆல் பெருக்கி, டயோடுகளுக்கு ஒரு வோல்ட் கழித்தால் கெப்பாசிட்டரில் 24 வோல்ட் டிசி வர வேண்டும், சுமை இல்லாததால் இன்னும் ஓரிரண்டு கூட இருக்கலாம். பல்பு நடுவில் இருக்கும்போது எல்லாமே கொஞ்சம் குறைவாகத்தான் காட்டும், பதற வேண்டாம். பிறகு ரெகுலேட்டரின் வெளி முனை: அதன் மேல் எழுதியிருக்கும் எண் 7805 என்றால் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில், 7815 என்றால் 15-ஐ ஒட்டி. உள்ளே போகும் வோல்டேஜ் வெளியே வர வேண்டியதைவிட இரண்டு வோல்ட்டாவது கூட இருந்தால்தான் ரெகுலேட்டர் வேலை செய்யும், அதனால் வெளியே குறைந்தால் உடனே ரெகுலேட்டரைக் குறை சொல்லாதீர்கள், உள்ளே எவ்வளவு வருகிறது என்று முதலில் பாருங்கள். உங்கள் பெட்டியில் 78 வரிசை இல்லாமல் தனித்தனி டிரான்சிஸ்டர்களால் செய்த ரெகுலேட்டர் இருந்தால் மேனுவலில் உள்ள அளவுகளைப் பின்பற்றுங்கள்.

பாகம் வாங்கி மாற்றுவது

கெப்பாசிட்டரும் ரெகுலேட்டரும் வாங்க சிம் லிம் டவருக்குப் போங்கள், பெயர் ஒன்றாக இருந்தாலும் பக்கத்தில் உள்ள சிம் லிம் ஸ்கொயருக்கு வேண்டாம், அங்கே கணினிக் கடைகள்தான் அதிகம். தேக்காவில் சாப்பிட்டுவிட்டு நடந்தே போய்விடலாம். பழைய பாகத்தைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள், ஏனென்றால் மதிப்பு மட்டும் ஒத்தால் போதாது, கால்களின் இடைவெளியும் உயரமும் ஒத்துவர வேண்டும். நான் பழையதை நீட்டியதும் கடைக்கார அங்கிள் ஒரு ஸ்கேலை அதன் மேல் வைத்து அளந்துவிட்டுத்தான் டிராயரைத் திறந்தார். 4700 மைக்ரோஃபாரட் என்றால் அதே 4700, கொஞ்சம் கூடினாலும் பரவாயில்லை. வோல்டேஜ் பழையதற்குச் சமமாகவோ மேலாகவோ இருக்கட்டும், குறையவே கூடாது. 105 டிகிரி என்று எழுதியதைக் கேட்டு வாங்குங்கள், 85 வேண்டாம். பத்து டிகிரி சூடு குறைந்தால் இந்த வகைக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறக்குறைய இரட்டிக்கும் என்பது பொதுவான கணக்கு, வருடம் முழுவதும் வெக்கையாக இருக்கும் நம் ஊரில் இதை அலட்சியம் செய்யக் கூடாது. ஒன்று போயிருந்தாலும் சப்ளையில் உள்ள பெரியவை எல்லாவற்றையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள், எல்லாம் ஒரே வயது.

அந்தக் காலப் போர்டுகளில் பெரும்பாலும் ஒரு பக்கம் மட்டும்தான் செம்பு, சூடு அதிகமானால் கோடு உரிந்து வந்துவிடும். சால்டரிங் அயர்னை 340 டிகிரி அளவில் வைத்து, முதலில் பழைய ஈயத்தின் மேல் கொஞ்சம் புது ஈயம் உருக்கிச் சேருங்கள், பிறகு உறிஞ்சுங்கள். வரவில்லையென்றால் இழுக்காதீர்கள், ஆறவிட்டு மறுபடி.

கெப்பாசிட்டரைத் திருப்பிப் போட்டால் வெடிக்கும், உடம்பில் உள்ள பட்டை மைனஸ் காலைக் காட்டும். புதியவர்கள் தடுக்கி விழும் இடம் மைனஸ் 15 பக்கம். அங்கே கெப்பாசிட்டரின் ப்ளஸ் கால் பூஜ்ய வோல்ட்டில் நிற்கும், மைனஸ் கால்தான் சப்ளைக் கோட்டில். "பக்கத்தில் இருப்பது போலவே போடுவோம்" என்று நினைத்தால் தலைகீழாகிவிடும். கழற்றும் முன் எடுத்த படத்தைப் பார்த்துப் போடுங்கள். இதே குழப்பம் ரெகுலேட்டரிலும் உண்டு: எழுத்து உங்களைப் பார்க்க நிறுத்தினால் 7815-க்கு இடமிருந்து உள்ளே, பூமி (பூஜ்ய வோல்ட்), வெளியே; மைனஸ் 15 தரும் 7915-க்கோ பூமி, உள்ளே, வெளியே. 7915-இன் முதுகுத் தகடும் உள்ளே வரும் வோல்டேஜோடு சேர்ந்தது, பூமியோடு இல்லை. அதனால்தான் அதற்கும் சூட்டை வெளியேற்றும் உலோகத் துண்டான ஹீட் சிங்குக்கும் நடுவே மைக்கா தகடும் திருகுக்கு பிளாஸ்டிக் வளையமும் இருக்கும். அவற்றைத் தொலைக்காமல் திரும்பப் போட்டு, வெப்பப் பசை மெல்லியதாகத் தடவி, தகட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே தொடர்பு இல்லை என்று மீட்டரில் உறுதி செய்யுங்கள்.

போர்டுகளைச் சேர்க்கும் முன்

மறுபடி பல்பு வழியாக, மறுபடி எல்லாக் கனெக்டரும் கழன்ற நிலையில், எல்லா வோல்டேஜையும் அளந்து ஒரு தாளில் எழுதுங்கள். அடுத்து பல்பை எடுத்துவிட்டு, பிளக்கை உருவிய நிலையில் ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு ரெசிஸ்டரைச் சுமையாக மாட்டுங்கள்: 5 வோல்ட்டுக்கு 10 ஓம், 15 வோல்ட்டுக்கு 100 ஓம், எல்லாம் 10 வாட் வகை, சுடும், கை வைக்காதீர்கள். பிறகு கரண்ட் கொடுத்துக் கால் மணி நேரம் ஓடட்டும். சுமையோடு வோல்டேஜ் நின்றால், பெரிய கெப்பாசிட்டரின் மேல் மீட்டரை ஏசியில் வைத்துப் பாருங்கள், அரை வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. பழுதான நிலையில் மாமா பெட்டியில் அது பல வோல்ட் காட்டியிருக்கும்.

5 வோல்ட் கோட்டை மட்டும் இரண்டு முறை அளந்து பாருங்கள் என்று சொல்வேன். 7805 உள்ளுக்குள் ஷார்ட் ஆனால் 9, 10 வோல்ட் நேராக டிஜிட்டல் சிப்புகளுக்குப் போகும், அவை ஒரு நொடி தாங்காது. இரவு பதினொன்றரை மணிக்கு எல்லாம் முடிந்தது போல் இருந்தது, சேர்த்துப் பார்த்துவிடலாம் என்று கை பரபரத்தது. மறுநாள் காலை மறுபடி அளந்துவிட்டுத்தான் சேர்த்தேன்.

சேர்க்கும்போதும் ஒரு நேரத்தில் ஒரு கனெக்டர். கரண்ட்டை நிறுத்து, ஒன்றைச் சேர், கரண்ட் கொடு, வோல்டேஜ் பார், நிறுத்து, அடுத்தது. ஒன்றைச் சேர்த்ததும் வோல்டேஜ் விழுந்தால் ஷார்ட் அந்தப் போர்டில் இருக்கிறது, சப்ளையை மறுபடி குடைய வேண்டாம். உள்ளே நினைவகத்துக்கு ஒரு பேட்டரி இருக்கும், அதையும் இப்போதே அளந்துவிடுங்கள், 3 வோல்ட் லித்தியம் 2.7-க்குக் கீழே இறங்கியிருந்தால் சேமித்த ஒலிகளைப் பத்திரப்படுத்திவிட்டு மாற்ற வேண்டிய நேரம்.

மூடியைத் திருகாமல் சும்மா வைத்து இரண்டு மணி நேரம் ஓடவிட்டோம். ஹெட்ஃபோனை மாமா காதில் வைத்துக்கொண்டு, கட்டை எதையும் தொடாமல், கண்ணை மூடி, அந்த ஐந்து கட்டை இரைச்சல் மிச்சம் இருக்கிறதா என்று வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகுதான் வாசித்தார். மூடும் முன் எந்தக் கெப்பாசிட்டர், என்ன மதிப்பு, எந்த மாதம் என்று ஒரு துண்டு டேப்பில் எழுதி டிரான்ஸ்ஃபார்மரின் பக்கத்தில் ஒட்டினேன். அடுத்து இதைத் திறப்பவருக்கு அது வேண்டும்.